அனுமதி வீட்டுக்கு, திறந்தது கடை: வில்லிவாக்கத்து அரை கிரவுண்டு மனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வில்லிவாக்கத்து உட்தெரு ஒன்றில், 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட அரை கிரவுண்டு மனையில், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2024ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2025 மே மாதத்தில் முடிக்கப்பட்ட தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட கட்டடமே இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. மனைப் பத்திரம் 71 வயதான மாமியாரின் பெயரில் இருக்கிறது. கட்டடத்தின் முன்னறையில் இயங்கும் பெண்கள் தையலகம் மருமகளின் பெயரில், அவர் ஒருவரே உரிமையாளரான தொழிலாகப் பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டு பெயர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், எந்த அலுவலகத்தின் கோப்பிலும் சேர்ந்து வராமல் போனதுதான் சிக்கலுக்கு முதல் காரணம். குடும்பத்தின் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பதிவு பெற்ற பொறியாளர். இந்தக் கட்டடத்தின் முதல் வரைபடத்தை வரைந்தவன் நானல்லன். 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் விதிமீறல் அறிவிப்புக் கடிதம் வந்த பிறகே என்னை அழைத்தார்கள். போனவுடன் மாமியாரான அந்த அம்மா என் கையில் கொடுத்தது அறிவிப்பை அல்ல, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த அனுமதி உத்தரவை. “அப்ரூவல் இருக்குதே தம்பி, அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுமானத்துக்கு முந்தைய நிலை

பழைய வீட்டில் மருமகள் திண்ணையில் ஒரு தையல் இயந்திரம் போட்டு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தைத்திருக்கிறார். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. குடியிருக்கும் வீட்டில் குடியிருப்பவரே செய்துகொள்ளும் சிறு கைத்தொழில் வீட்டின் பயன்பாட்டை மாற்றிவிடுவதில்லை. வேலை பெருகி, பெண்கள் ஆடை விற்கும் ‘பொட்டீக்’ கடைகள் மொத்தமாக ரவிக்கை தைக்கக் கொடுத்து, அவை பில் கேட்கத் தொடங்கிய பின் அவர் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் ஜி.எஸ்.டி. பதிவும் எடுத்தார். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. கட்டாயம், இவர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தும், வாங்குவோர் கேட்டதற்காக விரும்பியே பதிந்துகொண்டார். அந்தப் பதிவுக்கு இடத்தின் ஆதாரமாக மாமியார் பெயரிலுள்ள சொத்துவரி ரசீதும், அவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் கொடுக்கப்பட்டன. ஆக, இந்த முகவரியில் தொழில் நடக்கிறது என்று ஓர் அரசுப் பதிவு, கட்டட அனுமதி கேட்பதற்கு முன்பே இருந்தது. பின்னால் கட்டட வரைபடம் வரையப்பட்டபோது யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை.

பத்திர வேலைதான் நெடுநாள் பிடித்தது. மனை காலமான கணவர் பெயரில் வாங்கப்பட்டது. மகனும் மகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்து மாமியாருக்கு முழு உரிமை வந்திருந்தது. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் கணவர் பெயரே நின்றது. சென்னையில் பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த டி.எஸ்.எல்.ஆர். பெயர் மாற்றத்தில்தான் மாதக்கணக்கில் மாட்டுகிறார்கள். இவர்களுக்கும் அப்படியே ஆனது. ஆனால் அதைப் பொறுமையாக முடித்துவிட்டே அனுமதிக்குப் போனார்கள். இந்த வழக்கில் முழுக்கச் சரியாகச் செய்யப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

எந்த அனுமதி கிடைத்தது

பேச்சுவழக்கில் நாம் எல்லாவற்றையும் ‘பிளான் அப்ரூவல்’ என்றே சொல்கிறோம். சட்டத்தில் அது இரண்டு. நிலத்தையும் கட்டடத்தையும் எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு பரப்பில் வளர்க்கலாம் என்பதற்கான திட்ட அனுமதி 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கட்டடத்தைக் கட்டுவதற்கான கட்டட அனுமதி உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வருகிறது. சென்னையில் இது நெடுங்காலம் 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி நடந்து, 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்துக்குள் வந்தது. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி எழும்பூரில் உள்ள பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் கிடைக்கும். சிறியவற்றுக்கு அந்த அதிகாரம் மாநகராட்சிக்கே ஒப்படைக்கப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே மேசையிலிருந்து, ஒரே கோப்பாக வருகின்றன. மனுதாரர் கண்ணுக்கு ஒரே காகிதமாகத் தெரிவதில் வியப்பில்லை.

2024 ஜூலை 22 அன்று சுயசான்று அடிப்படையிலான அனுமதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்டு, 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் கட்டப்படும் குடியிருப்புக்கு, விண்ணப்பதாரர் தாமே சான்றளித்து இணையவழியில் கட்டணம் செலுத்தினால் அனுமதி உத்தரவைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே கள ஆய்வு கிடையாது, பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. ஒரு கையெழுத்துக்காக மண்டல அலுவலகப் படியேறி இறங்கிய தலைமுறைக்கு இது பெரிய விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த மனைக்கும் அளவுகள் அத்தனையும் பொருந்தின. தளத்துக்கு 808 சதுர அடி வீதம் இரண்டு தளத்துக்கும் சேர்த்து சுமார் 1,617 சதுர அடி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரமில்லாக் கட்டடங்களுக்குத் தரும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண், 2. அந்தக் கணக்கில் 1,200 சதுர அடிக்கு 2,400 வரை போகலாம். இவர்கள் அதை நெருங்கக்கூட இல்லை.

பொருந்தாமல் போனது ஒரே ஒரு சொல்: குடியிருப்பு. பக்கத்துத் தெரு டிராயிங் ஆபீஸ் ஒன்றில், வேறொரு மனைக்கு வரைந்து வைத்திருந்த வீட்டு வரைபடத்தையே அளவு மாற்றி, முன்னறைக்கு ‘ஹால்’ என்று பெயரிட்டு ஏற்றியிருக்கிறார்கள். அந்த அறையில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்டிருந்தால் மருமகள் மறைத்திருக்க மாட்டார். கேட்காததற்குக் காரணமும் எளிது: கடை என்று எழுதினால் சுயசான்று வழி அடைபட்டு, வழக்கமான ஆய்வு வழிக்குப் போக வேண்டும்.

களத்தில் நடந்தது

வரைபடத்தில் ஹாலின் தெருப்பக்கச் சுவரில் 4 அடி சன்னல் ஒன்று இருந்தது. திறப்புகளின் மேல் வரும் லிண்டல் விட்டத்தின் மட்டத்துக்கு வேலை வந்தபோது மேஸ்திரி சன்னல் வைக்காமல் 8 அடிக்குத் திறப்பு விட்டு, “ஷட்டர் போட்டுக்கலாம், பின்னாடி உடைக்கிற செலவு மிச்சம்” என்று யோசனை சொல்லியிருக்கிறார். கட்டுமானக் கண்ணோடு பார்த்தால் அது நல்ல யோசனை. லிண்டலுக்குக் கூடுதல் கம்பியும் சரியாகவே கட்டியிருந்தார்.

அந்த ஷட்டரைத் தொடர்ந்து மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. கடையின் தரைமட்டம் தெருவைவிட ஒன்றரை அடி உயரம்; வாடிக்கையாளர் ஏற வசதியாக, மழைநீர் வடிகாலின் மூடிமேல் 3 அடிக்கு ஒரு கான்கிரீட் சரிவு போடப்பட்டது. வேலைக்கு நான்கு பெண்கள் வந்ததால் பின்பக்கத் திறவிடத்தில் தகடு வேய்ந்து, அதன் கீழ் இஸ்திரி மேசையும் ஒரு கழிப்பறையும் வைத்தார்கள். அந்தத் தகட்டின் மழைநீர் பின்வீட்டுக்காரர் சுவரில் கொட்டியது. அவர் கொடுத்த புகாரிலிருந்துதான் அறிவிப்பு பிறந்தது. புகாரில் தையலகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆய்வுக்கு வந்தவர் பின்பக்கம் போவதற்கு ஷட்டர் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது.

மின்சாரமும் வங்கியும்

அறிவிப்புக்கு முன்பே வேறு இரண்டு இடங்களில் மணி அடித்திருக்கிறது. கட்டுமானக் காலத்துத் தற்காலிக இணைப்பை நிரந்தரமாக்கும்போது, வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என இரண்டு சர்வீஸ் கேட்டார்கள். அனுமதி உத்தரவில் கடை இல்லாததால் வீட்டு இணைப்பு மட்டும் கிடைத்தது. ஐந்து மோட்டார் இயந்திரங்களும் இஸ்திரிப் பெட்டியும் அதில்தான் ஓடின. இதில் ஒளிந்திருந்த ஆபத்து குடும்பத்துக்குத் தெரியாது. ஒரு நோக்கத்துக்குப் பெற்ற இணைப்பை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. எப்போதிலிருந்து என்று கணிக்க முடியாவிட்டால் ஆய்வுத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களுக்கு, உரிய கட்டண விகிதத்தைப் போல இரு மடங்கு மதிப்பிடுவார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் கடையையும் அதிலேயே ஓட்டிக்கொள்வது சென்னையின் உட்தெருக்களில் சகஜம். சகஜமாக இருப்பதாலேயே அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

இரண்டாவது மணி வங்கியில் அடித்தது. சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் கேட்டு எம்பிராய்டரி இயந்திரம் வாங்க மருமகள் விண்ணப்பித்தார். வங்கி மாநகராட்சியின் தொழில் உரிமத்தைக் கேட்டது. தொழில் உரிமத்துக்குப் போனால், கட்டடத்தின் சொத்துவரி முழுவதும் குடியிருப்பாக மதிப்பிடப்பட்டிருந்தது. 2024 டிசம்பர் 17 அன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கின் தீர்ப்பில், அனுமதியின்றி எழுந்த கட்டடங்களில் தொழிலோ வணிகமோ நடத்த எந்த அமைப்பும் உரிமம் வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதன் பிறகு உரிமம் தரும் மேசைகளில் கட்டட அனுமதியின் நகலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் கூடியிருப்பதை என் மற்ற கோப்புகளிலும் காண்கிறேன்.

ஆக ஜி.எஸ்.டி. பதிவு ‘தொழில் நடக்கும் இடம்’ என்றது, கட்டட அனுமதி ‘குடியிருப்பு’ என்றது, சொத்துவரியும் மின் இணைப்பும் ‘வீடு’ என்றன. ஒவ்வொரு காகிதமும் தனியாக எடுத்துப் பார்த்தால் செல்லுபடியானது. பிறகு ஏன் அறிவிப்பு என்றால், 1971 சட்டம் ‘வளர்ச்சி’ என்று சொல்வது செங்கல் வைப்பதை மட்டுமல்ல. கட்டடத்தின் பயன்பாட்டில் செய்யும் கணிசமான மாற்றமும் வளர்ச்சியே, அதற்கும் அனுமதி வேண்டும். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹாலாக இருந்து ஹாலாகவே பயன்பட்டிருந்தால் அவருடைய காகிதம் அவரைக் காத்திருக்கும்.

யார் கையொப்பம், யார் பொறுப்பு

தனி உரிமையாளர் தொழிலில் தொழிலும் ஆளும் வேறல்ல. வரிக் கணக்கு எண்கூட ஒன்றுதான். கடன் நின்றால் மருமகளைத்தான் கேட்பார்கள். கட்டட அனுமதியில் அப்படியில்லை: உரிமை ஆவணம் யார் பெயரிலோ அவரே விண்ணப்பதாரர், சுயசான்றில் ‘விதி மீறினால் அனுமதி ரத்தாகலாம் என்பதை அறிவேன்’ என்ற பொருளில் உறுதி கொடுத்தவரும் அவரே. ஷட்டர் வைத்தது மேஸ்திரி, கடை நடத்துவது மருமகள். 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளைச் சுட்டி வந்த அறிவிப்பில் பெயர் மாமியாருடையது. இதைச் சொன்னபோது மருமகள் முகம் வெளிறிப்போனது. “சார், அத்தை பேர்லயா வந்திருக்கு?” என்றார். அறிவிப்பின் முதல் வரியை அதுவரை யாரும் வாசித்திருக்கவில்லை.

முன்னிருந்த வழிகள்

ஷட்டரை எடுத்துச் சுவர் எழுப்பிவிட்டு, கடையை வாடகை இடத்துக்கு மாற்றுவது ஒன்று. கடையும் வீடும் சேர்ந்த கட்டடமாக, வழக்கமான ஆய்வு வழியில் திருத்திய அனுமதி கேட்பது மற்றொன்று. தெருவில் எல்லோரும் சொன்னது மூன்றாவது வழியை: பேசாமல் இருங்கள், விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்த அரசு எப்படியும் வரன்முறைத் திட்டம் கொண்டுவரும். இந்த நம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 2011 அக்டோபர் இறுதியில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருப் பகுதியில் பெரிய கடைகள் சீல் வைக்கப்பட்ட பிறகு, விதிமீறிய கட்டடங்களுக்கு விலக்கு தர 113-சி என்ற பிரிவு 1971 சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அது 2007 ஜூலை 1ஆம் தேதிக்குள் கட்டப்பட்டவற்றுக்கு மட்டும். 2025இல் முடிந்த கட்டடத்தின் உரிமையாளர் அதை நம்பிக் காத்திருப்பது, போன பேருந்துக்கு நிறுத்தத்தில் நிற்பதைப் போன்றது. ஆகவே இரண்டாவது வழியைப் பரிந்துரைத்தேன், அதுவும் அளந்து பார்த்த பின் முடிவு சொல்வதாக நிபந்தனையோடு.

அளந்தபோது எனக்கே வியர்த்தது. பத்திரத்தில் 60 அடி நீளம்; இடத்தில் 58 அடி 10 அங்குலம்தான் இருந்தது. மூன்று முறை டேப் பிடித்தும் அதே. மேஸ்திரி முன்பக்க 5 அடியைச் சரியாக விட்டுத் தெருவிலிருந்து அளந்து போயிருந்ததால், குறைந்த 14 அங்குலமும் பின்பக்கத்தில் விழுந்து, வரைபடத்தின் 6 அடி 6 அங்குலம் 5 அடி 4 அங்குலமாகியிருந்தது. நகல் வரைபடம் போட்டவர் பின்பக்கத்தில் விதி கேட்டதைவிடக் கூடுதலாக விட்டிருந்தார், அதனால் கட்டடம் தப்பியது. அந்த வரைபடத்தில் அவர் செய்த ஒரே உபகாரம் அது, அதுவும் தெரியாமல் செய்தது. மனைப்பரப்பு 1,176 சதுர அடியாகச் சுருங்கியும் குறியீடு சுமார் 1.37தான். ஆக, நிரந்தரக் கட்டடம் விதிக்குள் இருக்கிறது. விதிக்கு வெளியே இருந்தவை தகடும் கழிப்பறையும் சரிவும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி இன்னொன்று. 2003 முதல் தமிழகத்தில் இது கட்டாயம். வரைபடத்தில் முன் மூலையில் வட்டமும் அம்புக்குறியும் அழகாக இருந்தன. இடத்தில் மூடியைத் தூக்கினால், இரண்டடிக்குக் கீழே உடைந்த டைல் துண்டுகளும் இறுகிப்போன சிமென்ட் மூட்டை ஒன்றும் தெரிந்தன. மாடிக் குழாய் தொட்டிக்குள் வராமல் நேரே தெருவில் முடிந்தது. ஒரு நாள் முழுக்க இரண்டு பேர் தோண்டினார்கள்.

திருத்திய விண்ணப்பம்

அறிவிப்புக்கு முதலில் மாமியாரின் கையொப்பத்தில் எழுத்துப்பூர்வமான விளக்கம் கொடுத்தோம்: தகடும் கழிப்பறையும் அகற்றப்பட்டுவிட்டன, வடிகால் மேலிருந்த சரிவு உடைக்கப்பட்டுவிட்டது, புகைப்படங்கள் இணைப்பில், முன்னறைக்கு வணிகப் பயன்பாடு கோரி விண்ணப்பிக்கிறோம். இதைச் செய்யாமல் விண்ணப்பத்தை மட்டும் போட்டால் அது ஒரு பக்கம் நகரும், அமலாக்கக் கோப்பு மறுபக்கம் நகரும். இரண்டும் சந்திக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

பின்னர் இடத்தில் உள்ளபடியே புதிதாக வரைந்தேன். 15 அடிக்கு 11 அடி உள்ளளவுள்ள முன்னறை, 165 சதுர அடி, ‘கடை’ என்றே எழுதப்பட்டது. பணியாளர் கழிப்பறை மாடிப்படியின் அடியில் வந்தது. இருசக்கர வண்டிக்கு இடம் காட்டப்பட்டது. நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) மனை எந்த மண்டலத்தில் வருகிறது, தெருவின் அகலம் எவ்வளவு என்ற இரண்டும் கடைக்கு உயிர்நாடி. முன்னதை ஆவணத்தில் உறுதிசெய்தோம், பின்னதைக் களத்தில் அளந்தோம். அளவு சிறியது என்பதால் எழும்பூர் வரை போக வேண்டியிருக்கவில்லை, மாநகராட்சி மட்டத்திலேயே முடிந்தது. ஆய்வுக்கு வந்த பொறியாளர் முதலில் பார்த்தது பின்பக்கத்தை, அடுத்து மழைநீர் தொட்டியின் மூடியை.

மாநகராட்சியிலிருந்து விளக்கம் கேட்டு இரண்டு முறை கேட்புகள் வந்தன. ஒன்று, பத்திர நீளத்துக்கும் கள நீளத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றியது; குறைந்த அளவையே ஏற்கிறோம் என்று எழுதிக்கொடுத்ததும் தீர்ந்தது. மற்றது தொழில் உரிமையாளர் வேறொருவராக இருப்பது பற்றியது. மாமியார் மருமகளுக்கு இடத்தைப் பயன்படுத்தக் கொடுத்த, முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் இணைக்கப்பட்டது. ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு இடையே ஒப்பந்தமா என்று அந்த அம்மா சிரித்தார். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்த பிறகே கையெழுத்திட்டார்.

டிசம்பரில் திருத்திய அனுமதி வந்தது. அதைக் காட்டிக் கடைக்குத் தனியாக வணிக இணைப்பு, வணிகக் கட்டண வகையான டாரிஃப் 5இல், பெறப்பட்டது. வீட்டு இணைப்பில் கடை ஓடிய மாதங்களுக்கான தொகையைக் குடும்பம் கட்டியது. தாமே முன்வந்து சொன்னதால் அது தாங்கக்கூடிய அளவில் முடிந்தது என்பது என் கணிப்பு. சொத்துவரியில் முன்னறை வணிகமாகப் பிரிக்கப்பட்டு அரையாண்டுத் தொகை ஏறியது. தொழில் உரிமம் மருமகள் பெயரில் வந்தது. வங்கிக் கோப்பு மீண்டும் திறந்திருக்கிறது, கடன் இன்னும் கைக்கு வரவில்லை.

கடைசியாகப் போனபோது காலை ஒன்பதரை மணி. மருமகள் ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே சாத்தி வைத்திருந்த இரும்புத் தகட்டை இழுத்துவந்து, வடிகால் மூடிக்கும் கடைப் படிக்கும் நடுவே சரிவாகப் போட்டார். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிடுவாராம். அது வரைபடத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அளவு கொடுக்க இரண்டு பேர் தகட்டின் மேல் ஏறி உள்ளே போய்விட்டார்கள்.